ஜெசிந்தாவும் மஞ்சள் கோடும்

அன்ரன் அழைத்தபோது நான் தூசி புகாத அறைக்குள் இருந்தேன். அந்த அறைக்குள் போவதென்றால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட வேண்டும், கைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும். பிற்பகல் வெளியே வந்து பார்த்தால் திரை முழுவதும் அவனுடைய பெயர். அன்ரன் என்னோடு வேலை செய்கிற ஜெசிந்தாவின் தம்பி. இதே நகரத்தில் சென்ட் லோரன்ட் பக்கம் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். வேலை நேரத்தில் என்னை ஒருபோதும் அழைத்தவன் அல்ல. திருப்பி எடுத்தேன். "அண்ணை, அக்கா பஸ் ஸ்ரொப்பில விழுந்திட்டா. அம்புலன்ஸ் வந்தது. ஒண்டும் செய்யேலாமல் போச்சுது" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அன்ரன் வீட்டுக்கு வந்தான். "கோவத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ, பங்குச் சுவாமியும் வாசிப்பார்" என்று கேட்டுக்கொண்டான். முயன்று பார்த்தேன். முதலில் எழுதியதில் "அமைதியானவர்" வந்தது, "அர்ப்பணிப்பு" வந்தது. கிழித்துப் போட்டேன். அடுத்த முறை அவனைக் கண்டபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். அவனுக்கு அதில் பாதிதான் தெரிந்திருந்தது. "கோயில்ல எல்லாரும் ஆஸ்பத்திரிதான் பிந்தினது எண்டு கதைக்கினம். அப்ப நீங்கள் உள்ளதை எழுதுங்கோ" என்றான். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். ஜெசிந்தாவோடு பழகியவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்களில் பலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பதே சரியாகத் தெரியாது. அது உங்கள் பிழை இல்லை. காந்தத்தோடு வேலை என்றதும் ஆஸ்பத்திரி ஸ்கானர் என்று நினைத்து, பூசை முடிந்த கையோடு முழங்கால் வலியைக் கொண்டுவந்து அவரிடம் காட்டியவர்களை நானே கண்டிருக்கிறேன். அவரும் முழங்காலை அமத்திப் பார்த்து, "இது என்ர காந்தத்துக்கு அடங்காது, நல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று அனுப்பிவைப்பார்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம், அவர் மன்னார். ஆனால் எங்களை அறிமுகப்படுத்தியது இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிலக்கீழ்த் தளம். நான் குறைகடத்தித் தகடுகள் செய்கிறவன். அவர் அவற்றை அளக்கிற பௌதிகவியலாளர். நகத்தளவு துண்டு ஒன்றுக்குள் மிக மெல்லிய ஒரு படை, ஒரு அடுக்கு. அதற்குள் இலத்திரன்கள், உங்கள் பிள்ளைகள் எலெக்ட்ரான் என்று சொல்வது, மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தட்டையாக ஓடும். அந்தப் படையில் மயிரிழையை விடப் பல மடங்கு ஒடுங்கிய பாதைகள் வெட்டிக் கொடுப்பது என் வேலை. அதைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, பெரிய காந்தம் ஒன்றுக்குள் இறக்கி, காந்தப்புலம் கூடக்கூட அந்த இலத்திரன்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவர் வேலை.

இதை நான் இப்படி எழுதுகிறேன். அவர் சொன்ன விதம் வேறு. ஒரு திருநாள் மதியம், கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு நிற்கும்போது யாரோ கேட்டதற்கு, மண்டபத்தையே காட்டிச் சொன்னார்: "காந்தப்புலம் இலத்திரனை நேராப் போக விடாது, வளைச்சுப்போடும். நடுவில நிக்கிறவையைப் பாருங்கோ, கதைச்சுக் கதைச்சு நிண்ட இடத்திலயே சுத்தினம். சுவரோரமாப் போறவைக்குச் சுத்த இடமில்லை. முட்டி முட்டி முன்னுக்குப் போவினம். அவைதான் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேருவினம். கரண்ட் ஓடுறதும் அப்பிடித்தான், கரையால." கேட்டவர் உடனே சுவரோரமாக நகர்ந்து போய்விட்டார். இத்தனை வருடத்தில் இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்கவில்லை.

அவரோடு என்னுடைய முதல் சண்டை என் வயரைப் பற்றியது. நான் செய்து கொடுத்த முதல் துண்டை அளந்துவிட்டு, "தயா, உம்மட வயர் நேராப் பொருந்தேல்லை" என்றார். துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர் என்று கேட்டேன். "புலத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தனான்" என்றார். காந்தப்புலத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை என்று எதையும் இரண்டு தரம் அளப்பது அவர் வழக்கம். புலம் திரும்பினால் இலத்திரன்கள் எதிர்க்கரையால் ஓடும், குறுக்கே அளக்கிற மின்னழுத்தமும் கூட்டலிலிருந்து கழித்தலுக்குத் திரும்பும். அளந்ததில் ஒரு பகுதி மட்டும் திரும்பாமல் அப்படியே நின்றால், அது இலத்திரன் செய்த வேலை இல்லை. வயரைக் கோணலாகப் பொருத்தியவன் செய்த வேலை. "திரும்பிறது இலத்திரன்ர குணம். திரும்பாதது உம்மட வயர்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பழக்கத்தை அவர் ஆய்வுகூடத்தோடு விட்டுவைக்கவில்லை. திருநாள் விருந்துக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, எங்கள் பெண்கள் பொறுமைசாலிகள், ஆகவே சமையலை அவர்களே பார்க்கட்டும் என்று அழகாகப் பேசினார். ஜெசிந்தா கதிரையை விட்டு எழும்பவில்லை. "சரி அண்ணை, இப்ப ஆம்பிளையளைப் போட்டு அதே வசனத்தைச் சொல்லுங்கோ" என்றார். அந்த வருடம் ஆண்கள் சமைத்தார்கள். சோறு குழைந்துபோனதும் உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் வாய் திறக்காமல் சாப்பிட்டோம்.

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் செத்த பிறகு அமைதியானவர் என்கிறார்கள்.

போன வருடம் இலையுதிர்காலத்தில் அவர் ஆய்வுகூட வாசலில் ஒரு தரம் மயங்கி விழுந்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதயத் துடிப்பு இடையிடையே தயங்கி நிற்கிறது, பேஸ்மேக்கர் பொருத்த வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். வேண்டிய நாளும் தரத் தயாராக இருந்தார்கள். கோயிலில் கதைக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். ஆஸ்பத்திரி பிந்தவில்லை.

அங்கேயே கட்டிலில் இருந்தபடி அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப கோட்டைத் தாண்டேலாது, என்ன?"

அந்தக் கோடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய காந்தத்தைச் சுற்றி நிலத்தில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது. உடம்பில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதைத் தாண்டக்கூடாது, புலம் அந்தக் கருவியைக் குழப்பிவிடும். நியாயமான சட்டம், அதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அறை சிறியது. காந்தத்தை இயக்குகிற மேசை கோட்டுக்கு உள்ளே இருந்தது. பேஸ்மேக்கர் வைத்த மறுநாளிலிருந்து ஜெசிந்தாவால் அந்த மேசைக்குப் போக முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் உடைந்த கதிரைகள் போட்டுவைக்கிற அறை ஒன்று. சுவரில் ஒரு துளை போட்டு, கேபிளை அந்தப் பக்கம் எடுத்து, மேசையை அங்கே வைத்தால் விஷயம் முடிந்தது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

துறைத் தலைவர் நல்ல மனிதர்போலத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு பதில் வந்தது. பழைய கட்டிடம், சுவருக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது, முதலில் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்க ஒரு குழு வேண்டும். குழு கூட ஒரு நாள் வேண்டும். பனி கொட்டி, உறைந்து, கறுத்துப்போகும் வரைக்கும் அந்தக் குழு கூடவில்லை. நான் கோட்டுக்குள் நின்று கைவேலையைச் செய்கிறேன், அவர் வாசலில் இருந்து சொல்லட்டும் என்று எழுதிக் கேட்டேன். காந்தத்துக்குப் பொறுப்பானவரே அதை இயக்க வேண்டும், காப்புறுதி ஒத்துக்கொள்ளாது என்றார்கள். ஆனால் தலைவருக்கு வேறொரு யோசனை இருந்தது. ஜெசிந்தா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், முதலாம் வருடப் பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்குப் போகலாம், காந்தத்தைப் புதிதாக வரப்போகிற பேராசிரியர் பொறுப்பெடுப்பார். எவ்வளவு கரிசனை பாருங்கள். வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை ஜெசிந்தாவுடையது. அந்த மேசையை விட்டு ஒரு தரம் எழும்பினால் திரும்பி உட்கார விடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

அப்போது ஒரு அளவீடு பாதியில் நின்றது. நான் வெட்டிக் கொடுத்த ஒடுங்கிய பாதை ஒன்றில், குறிப்பிட்ட ஒரு புலத்தில் மின்தடை சின்ன மேடுபோல எழும்புவதை அவர் கண்டிருந்தார். கரையால் ஓடுகிற இலத்திரன்கள் அந்த ஒடுக்கத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாவுகின்றன என்பது அவர் எண்ணம். அது உண்மையானால் புலத்தைத் திருப்பும்போது அந்த மேடு எதிர்க்கரையில் தோன்ற வேண்டும். ஒரு திசை முடிந்துவிட்டது. மறுதிசை மிச்சம். புலத்தை மெல்ல மெல்ல ஏற்றி, வெவ்வேறு குளிரில் திரும்பத் திரும்ப அளக்கிற வேலை அது, கிழமைக்கணக்கில் இழுக்கும். தலைவர் வந்து, பாதியே போதும், மற்றப் பாதியை யாரும் கேட்கப்போவதில்லை என்றார். "நான் கேப்பன்" என்றார் ஜெசிந்தா. அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் எனக்கு மன்னார்த் தமிழில்தான் கேட்டது.

சத்திரசிகிச்சையை அவரே தள்ளிப்போட்டார். பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் வழமையாகப் போகிற தேநீர்க் கடையில் வைத்து இதை எனக்குச் சொன்னார். மேசையில் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"உமக்கென்ன விசரோ? ஒரு மேட்டுக்காக உயிரை வைச்சு விளையாடுறீர்."

"மேட்டுக்காக இல்லை, தயா. நான் இப்ப போனால், அந்தப் பாதியை அவங்கள் அப்பிடியே எழுதிப்போடுவாங்கள். பேந்து ஆரும் திருப்பிப் பாக்கமாட்டாங்கள். என்ர பெயரில ஒரு பாதிப் பொய் கிடக்கும்."

"கிடக்கட்டும். நீர் உயிரோட இருந்து திருத்தலாம்தானே."

"எங்க இருந்து? செய்முறை வகுப்பில இருந்தோ?"

நான் மேசையில் அடித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஜெசிந்தா என் தட்டிலிருந்த ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு, "வசந்தத்துக்குள்ள முடிச்சிடுவன். நாள் குறிச்சாச்சு. அன்ரனுக்குச் சொல்லாதையும், அவன் வேலைக்குப் போகாமல் வாசலில வந்து நிப்பான்" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை. மூத்திரக் கல் வந்து கிடந்த தன் சித்தப்பாவின் கதையைச் சொல்லி, கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கவைத்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஜெசிந்தா, நீர் கெட்டிக்காரி. எதையும் இரண்டு பக்கமும் அளந்து பார்க்கிறவர். உம்முடைய இதயத்தை மட்டும் ஏன் ஒரு பக்கமாக அளந்தீர்?

கடைசி நாள் காலை அவர் என்னை அழைத்தார். முகமன் எதுவும் இல்லை. "திரும்பிட்டுது" என்றார். மேடு எதிர்க்கரையில், எங்கே இருக்க வேண்டுமோ அங்கே தோன்றியிருந்தது. "உம்மட வயரும் இந்த முறை நேராத்தான் இருக்கு" என்று ஒரு பாராட்டையும் போட்டார். சத்திரசிகிச்சைக்கு அடுத்த கிழமை நாள் இருந்தது. இனியாவது வீட்டில் படுத்து ஓய்வெடும் என்றேன். "ஓம், இப்பவே போறன்" என்றார். சொன்னபடியே மதியத்தோடு புறப்பட்டிருக்கிறார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் விழுந்தார். நான் தூசி புகாத அறைக்குள் நின்று அவருக்கு அடுத்த துண்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு துறையில் ஒரு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அன்ரன் வேலையிலிருந்து நேரே வந்து என் பக்கத்தில் இருந்தான். கோப்பி, பிஸ்கட், பூங்கொத்து, ஜெசிந்தாவின் பெரிய படம். தலைவர் பேசினார். ஜெசிந்தா அமைதியானவர், எதையும் கேட்காதவர், ஆய்வுக்காகத் தன் உயிரையே கொடுத்தவர், அப்படிப்பட்ட அர்ப்பணிப்பை இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழும்பினேன். எதையும் கேட்காதவர் என்றீர்களே, அவர் ஒன்று கேட்டார், நானும் அதையே கேட்டேன், சுவரில் ஒரு துளை, அது என்னவாயிற்று என்றேன். இது அதற்கான நேரம் இல்லை என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். ஜெசிந்தா உயிரோடு இருந்தபோதும் அதற்கான நேரம் வரவில்லையே என்றேன். அதற்குப் பிறகு யாரும் பிஸ்கட் எடுக்கவில்லை.

அன்ரனைக் கூட்டிக்கொண்டு கீழ்த் தளத்துக்குப் போனேன். அக்காவின் ஸ்வெற்றர் அங்கே கதிரையில் கிடக்கும், எடுத்துத் தரச் சொல்லியிருந்தான். கதவைத் திறந்தால் கதிரை இல்லை, மேசையும் இல்லை. மஞ்சள் கோட்டுக்குள் காந்தம் மட்டும் நின்றது. அதிலிருந்து புறப்பட்ட கேபிள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, சுவரில் புதிதாகப் போட்ட ஒரு துளைக்குள்ளால் அந்தப் பக்கம் போயின. விளிம்பில் வெள்ளைச் சாந்து இன்னும் சரியாகக் காயவில்லை. பக்கத்து அறையில் உடைந்த கதிரைகளை அகற்றி மேசையைப் போட்டிருந்தார்கள். ஸ்வெற்றர் அந்த மேசைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

கேபிள் இழுத்துக்கொண்டிருந்த தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டேன். புதிய பேராசிரியருக்கு, காந்தத்தைக் குளிரவைக்கிற பம்பின் இரைச்சல் ஒத்துவரவில்லையாம். வந்து பார்த்த அன்றைக்கே சொன்னாராம். ஒரு காலையில் துளைத்து முடித்துவிட்டார்களாம். சுவருக்குள் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். அந்த மனிதர் தோளைக் குலுக்கினார். வெறும் செங்கல் என்றார்.

அன்ரன் துளைக்குக் கிட்டப் போய் நின்றான். தொழிற்சாலையில் நாள் முழுக்கத் துளை போடுகிறவன் அவன். விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கோ அண்ணை?" என்று கேட்டான். ஸ்வெற்றரை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனான்.

அந்த அளவீடு இரண்டு பாதியோடும், ஜெசிந்தாவின் பெயர் முதலில் நிற்க, வெளிவரும். அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைவருக்கும் அறிவித்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்துப் பார்க்கட்டும்.

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம்தான். யார் எதைச் சொன்னாலும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். அஞ்சலிக் கூட்டத்தில் கேட்ட வசனத்தையும் அப்படியே பார்த்தேன். ஜெசிந்தா இந்த வேலைக்காகத் தன் உயிரைக் கொடுத்தார் என்கிறார்கள். சரி. இந்த வேலை ஜெசிந்தாவின் உயிருக்காக எதைக் கொடுத்தது? அந்த வசனம் திரும்பவில்லை. எத்தனை தரம் போட்டாலும் திரும்பவில்லை. ஆகவே அதை அவருடைய குணம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். என் வயரைப்போல அதுவும் பொருத்தியவர்கள் விட்ட பிழை. அன்ரன், கோபத்தைக் குறைக்கச் சொன்னாய். அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தவன் நீ, எவ்வளவு குறைக்கலாம் என்று நீயே சொல்லு.